ஆப்பு வடிவ டிராக் கார் கிட்: பாகம் குறைவு, வேலை அதிகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த பிளாஸ்டிக் மாடல் கார் பெட்டியை நான் சுலபமான வேலை என்று நினைத்துத்தான் வாங்கினேன். அதற்கு முன்னால் ஆறு மாதம் ஒரு முன் எஞ்சின் டிராக்ஸ்டர் (நேர்கோட்டுப் பந்தய வண்டி) மாடலோடு மல்லுக்கட்டி, குழாய் குழாயாகச் சுரண்டி, விரல் நுனியெல்லாம் பிளேடு கீறல் வாங்கியிருந்தேன். அடுத்ததாவது கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கட்டும் என்று தேடியபோதுதான் இது கண்ணில் பட்டது. 1970களின் தொடக்கத்து ஆப்பு வடிவ டிராக் கார், 1/25 அளவு, 70 சொச்சம் பாகங்கள், அதில் பாதிக்கு மேல் எப்படியும் அந்தப் பெரிய உடலுக்குள் மறைந்துவிடும். மறைந்துவிடும் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஒட்டினாலும் யாருக்குத் தெரியப்போகிறது, ரெண்டு வாரத்தில் முடித்து அலமாரியில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாலு மாதம் ஆயிற்று. ஆப்பு என்ற பெயருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. கீழே நான் புலம்பப்போகும் குறைகளில் முக்கால்வாசி அந்தக் கம்பெனிக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் வெட்டிய உலோக அச்சைத் துடைத்தெடுத்து மறுபடியும் பிளாஸ்டிக் ஊற்றி விற்கிற எந்தப் பெட்டியிலும் ஏறத்தாழ இதே கதைதான். பெட்டி மேல் எந்த ஓட்டுநரின் பெயரும் கிடையாது, அந்தக் காலத்து வண்டிகளின் சாயலில் பொதுவாகச் செய்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இன்னாருடைய வண்டி என்று எழுதிவிட்டால், அந்த வண்டியின் போட்டோவைத் தேடி எடுத்து, இந்த ஆணி இங்கே இல்லை, இந்தக் கோடு இவ்வளவு தடிமன் இல்லை என்று ராத்திரி தூக்கம் கெடும்.

இந்த வண்டிகளைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்னக் கதை. கதை தெரியாமல் செய்தால் இந்த மாடல் வெறும் பிளாஸ்டிக் முக்கோணம்தான்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் டிராக் ரேஸ் என்றால் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோடு. 1970 வரைக்கும் அதில் மிக வேகமான டாப் ஃப்யூயல் பிரிவு வண்டிகள் எல்லாம் பெரும்பாலும் கவண் வடிவம்: நீளமான குழாய்ச் சட்டகம், நடுவில் எஞ்சின், அதற்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு நடுவில் ஓட்டுநர். எஞ்சினோ கிளட்சோ கியர்பாக்ஸோ வெடித்தால் எல்லாம் அவர் மடியில்தான். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் டான் கார்லிட்ஸ் என்ற ஓட்டுநருக்கு நடந்தது அதுதான். கியர்பாக்ஸ் வெடித்து வண்டி ரெண்டு துண்டானது, வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. மனிதர் படுக்கையில் கிடந்தபடியே எஞ்சினை முதுகுக்குப் பின்னால் தள்ளிய வண்டியை யோசித்தார். அவருக்கு முன்னாலும் பலர் அதை முயன்று பார்த்திருந்தார்கள், வண்டி நேராக ஓடாது என்பதுதான் எல்லாருடைய புகாரும். கார்லிட்ஸ் குழு கண்டுபிடித்தது ரொம்பச் சாதாரணமான விஷயம்: ஸ்டீரிங்கை மந்தமாக்கினால் போதும். கொஞ்சம் திருப்பினாலே வெடுக்கென்று திரும்புகிற வண்டியை, நிறையத் திருப்பினால் கொஞ்சமாகத் திரும்புகிற வண்டியாக மாற்றினார்கள். 1971 தொடக்கத்தில் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை அந்த வண்டியே ஜெயித்தது. அதன் பிறகு முன் எஞ்சின் வண்டிகள் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

எஞ்சின் பின்னால் போனதும் முன்பக்கம் வெறுமையாகிவிட்டது இல்லையா, அங்கேதான் ஆப்பு நுழைந்தது. மூக்கில் தாள் மாதிரி மெலிந்து, பின்னால் போகப் போக உயரும் ஒரு உடலைப் போர்த்தினால், எதிரில் வரும் காற்றே வண்டியைத் தரையோடு அழுத்தும் என்பது எண்ணம். எண்ணம் ஒன்றும் புதிதல்ல, 1964லேயே டோனி நான்சி என்ற இருக்கைத் தையல் கலைஞர் பின் எஞ்சின் ஆப்பு வண்டி ஓட்டியவர். 1971ல் டான் ப்ரூடோம் என்ற ஓட்டுநர், ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார்களின் பெயர் தாங்கிய ஒன்றை இறக்கினார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அத்தனை தகடும் எடைதானே. அதே அழுத்தத்தை ரெண்டு கம்பி மேல் நிறுத்திய ஒரு சின்ன இறக்கை ரொம்பக் குறைந்த எடையில் கொடுத்துவிடும் என்று தெரிந்ததும் ஆப்புகளின் காலம் முடிந்தது. ப்ரூடோமே அடுத்த வருடம் மெலிந்து ஒடிசலான ஒரு வண்டிக்கு மாறினார், அதன் எடை குறைவை வைத்தே அதற்கு மஞ்சள் இறகு என்று பெயர். ஆக நாம் கையில் எடுத்திருப்பது தோற்றுப்போன ஒரு யோசனையின் மாடல். எனக்கு ஜெயித்தவற்றைவிட இவைதான் பிடிக்கும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சரி, பெட்டிக்கு வருவோம். மூடியைத் திறந்ததும் உடல் தனியாக ஒரு பையில், நல்ல வேலை. மற்ற எல்லாம் ஒரே பையில் திணித்து, குரோம் பூசிய பாகங்களின் மேல் கறுப்பு டயர்கள் உருண்டு விளையாடி நாலைந்து இடத்தில் கீறல். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, பழைய கிட் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: மென்மையான வினைல் டயரில் இருக்கிற எண்ணெய்ப் பதம் மெல்ல மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பாகத்தை உருக்கிவிடும். வருடக்கணக்காக மூடியே கிடந்த பெட்டியில் டயர் அச்சு பதிந்த கண்ணாடிப் பாகங்களை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியதும் டயர்களை எடுத்துத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகும் சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சுற்று மெல்லிய அலுமினியத் தாள் வைப்பது நல்லது.

செய்முறைத் தாள் மோசம். எட்டு மடிப்பில் ஒரே தாள், படங்கள் பழைய கோட்டோவியம், பரவாயில்லை, ஆனால் அம்புக்குறி முடிகிற இடத்தில் துளையும் இல்லை முளையும் இல்லை. ஏழாவது கட்டத்தில் எரிபொருள் குழாய் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பதை யோசித்துத்தான் ஒட்ட வேண்டும். எரிபொருள் தொட்டியிலிருந்து காற்று ஊதி (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்) வரைக்கும் என்று உண்மையான வண்டியின் இயக்கம் தெரிந்தவர்கள் தப்பிப்பார்கள், மற்றவர்கள் எங்கேயாவது ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், அதுவும் ஒரு வழிதான்.

இன்னொன்று. முன்சக்கரத்தில் பிரேக் எங்கே, ரேடியேட்டர் எங்கே என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடாதீர்கள். தொலையவில்லை. இந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும், மிச்சத்தைப் பாராசூட் பார்த்துக்கொள்ளும். சில விநாடி ஓடி நிற்கிற எஞ்சினுக்கு ரேடியேட்டரும் தேவையில்லை. நான் முதல் டிராக்ஸ்டர் கட்டியபோது அரை நாள் தரையைக் கூட்டித் தேடியவன், அந்த அவமானத்தில் சொல்கிறேன்.

சட்டகம்தான் இந்தக் கிட்டின் பலவீனமான இடம். இடது பாதி, வலது பாதி என்று ரெண்டு துண்டு, ஒவ்வொரு குழாயின் நடுவிலும் அச்சு சேரும் கோடு, அதோடு சன்னமான பிசிறு. அச்சுக்கு வயதாக ஆக ரெண்டு பாதியும் பொருந்துகிற விளிம்பு தேய்ந்து பிளாஸ்டிக் கசியும், அந்தக் கசிவுதான் பிசிறு. பிளேடின் முதுகால் சுரண்டி, மடித்த 600 நம்பர் உப்புத்தாளால் குழாயைச் சுற்றித் தேய்க்க வேண்டும். அது போகட்டும், வலது பாதி நுனியில் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. உண்மையான வண்டிகளில் முன் பின் சக்கர இடைவெளி ஐந்தரை மீட்டருக்கு மேல், 1/25ல் அது 22 சென்டிமீட்டர் சுமார். அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் வளையாமல் இருந்தால்தான் அதிசயம். கை பொறுக்கும் அளவு வெந்நீரில் முக்கி, கண்ணாடிப் பலகை மேல் வைத்து நிமிர்த்தி, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டேன். நிமிர்ந்தது. ஆனால் ஒட்டியபோது மறுபடி ஒரு முறுக்கு வந்துவிட்டது, அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

எஞ்சின் இந்தப் பெட்டியின் ரத்தினம். கிரைஸ்லர் கம்பெனியின் ஹெமி வகை எஞ்சின், மேலே ஊதி, அதன் மேல் காற்று உறிஞ்சும் வாய், ரெண்டு பக்கமும் மேல் நோக்கி வளைந்த எட்டு புகைக்குழாய்கள். ஊதியின் மேல் வரிவரியான விலா எலும்புகள் இவ்வளவு கூர்மையாக வந்திருக்கின்றன, பழைய அச்சு என்று நம்ப முடியவில்லை. 6-71 என்று அந்த ஊதிகளைச் சொல்வார்கள். லாரிகளிலும் பஸ்களிலும் ஓடிய ஜிஎம்சி டீசல் எஞ்சினுக்காகச் செய்த சாமான் அது, 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் பெயர். பஸ் எஞ்சின் சாமானைக் கழற்றி ரேஸ் வண்டியில் மாட்டியவர்களின் தைரியத்தை என்ன சொல்ல. இதற்கு அவர்கள் ஊற்றியது நைட்ரோமீத்தேன். பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14 பங்குக்கு மேல் காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு ரெண்டு பங்குகூட வேண்டாம், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் ஒரே அளவு காற்றுக்கு எட்டு மடங்கு எரிபொருளைத் திணிக்கலாம். எரிபொருள் குழாய்கள் ஏன் இவ்வளவு தடிமன் என்று மாடலில் பார்த்து வியக்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

எஞ்சினில் கைவைக்க வேண்டிய இடம் மூன்று. புகைக்குழாய்களின் வாய் அடைத்தே வருகிறது, எட்டையும் ஊசி முனையால் குத்திக் குறி வைத்துவிட்டு கைத்துளைப்பானால் துளைக்க வேண்டும், இது செய்யாவிட்டால் எஞ்சின் பொம்மையாகத் தெரியும். ரெண்டாவது குரோம். பெட்டிக் குரோம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, உண்மையான எஞ்சினில் எல்லாம் அப்படி மின்னாது. ஊதியையும் சிலிண்டர் தலைகளையும் வீட்டு பிளீச் திரவத்தில் போட்டு வைத்தேன், பத்து நிமிடத்தில் குரோம் காணாமல் போனது. அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் பூச்சு நிற்கும், அதையும் எடுத்துவிட்டால்தான் கோடுகள் கூர்மையாகும். புகைக்குழாய்களுக்கு மட்டும் குரோமை விட்டுவிட்டேன். குரோமை விடுகிற பாகத்தில் ஒட்டுகிற இடத்தைச் சுரண்டாமல் ஒட்டாதீர்கள், பசை பிடிப்பது பிளாஸ்டிக்கைத்தான், குரோமை அல்ல. மூன்றாவது பிளக் வயர். கிட்டில் கிடையாது. 0.4 மில்லிமீட்டர் வயர் எட்டு, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஹெமியில் பிளக் சிலிண்டர் தலை மூடியின் நடுவே குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அந்தக் குழிகள் அச்சிலேயே இருக்கின்றன, 0.5 துளை போட்டு நுழைத்தால் போதும். ஒரு சாயங்கால வேலை. இதைச் செய்ததும் எஞ்சினைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரிடமும் காட்டித் திரிந்தேன். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள், யாரும் ரெண்டாவது முறை பார்க்கவில்லை.

இப்போது உடல்.

நான் இந்த விமர்சனம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வழக்கமான கார் மாடலில் உடல் என்றால் வளைவுகள், கதவு விளிம்பு, ஜன்னல், பம்பர், கண் போகிற இடமெல்லாம் ஏதாவது ஒன்று. சின்னக் குறை இருந்தால் அதில் கரைந்துவிடும். ஆப்பு வண்டியில் அப்படி எதுவும் கிடையாது. மேலே ஒரு நீண்ட தளம், பக்கத்துக்கு ஒன்று, பின்னால் நிமிர்ந்த ஒரு உதடு, அவ்வளவே. பெயிண்ட் அடித்து விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் குளத்து அலை மாதிரி தெரிகிறது. பள்ளம் எதனால் என்றால், உடலின் உள்பக்கம் சட்டகத்தில் மாட்டுவதற்குத் தடிமனான முளைகள் வைத்திருக்கிறார்கள். தடித்த இடம் மெதுவாகக் குளிரும், குளிரும்போது சுருங்கும், சுருங்கும்போது வெளித்தோலை உள்ளே இழுக்கும். ஆறு முளை, ஆறு பள்ளம். கண்ணுக்குத் தெரியாது, பெயிண்ட் அடித்தால் மட்டும் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, மூன்றாவது பூச்சுக்குப் பிறகு.

அதனால் சொல்கிறேன், இந்த உடலுக்கு முதல் நாளே பட்டி பாருங்கள். கார் டிங்கரிங் கடையில் எப்படிச் செய்வார்களோ அதே முறை: மெல்லிய பட்டி, காய விடு, தட்டையான மரக்கட்டையில் ஒட்டிய 400 நம்பர் உப்புத்தாளால் தேய், அப்புறம் 600, சாம்பல் ப்ரைமர், மறுபடி சாய்த்துப் பார், மறுபடி பட்டி. விரலால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்க்கவே கூடாது, விரல் பள்ளத்தோடு சேர்ந்து இறங்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். கட்டையில் ஒட்டினால் மேட்டை மட்டும் தேய்க்கும். நான் இந்தச் சுற்றை ஐந்து முறை செய்தேன். தேய்க்கும்போது உடலின் மேல் இருக்கும் சின்னச் சின்ன வட்டத் திருகுகளைக் காப்பாற்ற வேண்டும், கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும் அந்தத் திருகுகள்தான் உண்மையான வண்டியில் தகடுகளைப் பிடித்திருப்பவை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் தகட்டைக் கழற்றி எஞ்சினைப் பிரிக்க வேண்டுமே. இரண்டு திருகு என் கையில் காலியாகிவிட்டன, மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை வட்டமாக நறுக்கி ஒட்டினேன்.

மூக்கு நுனியில் மேல் பாதியும் கீழ்த்தட்டும் சேருகிற விளிம்பு இன்னொரு தலைவலி. முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. சரி அழுத்திப் பிடித்து ஒட்டிவிடலாம் என்று கிளிப் போட்டேன். காலையில் கிளிப்பை எடுத்தேன், பட்டென்று ஒரு சத்தம், பக்கவாட்டில் முடி போல ஒரு விரிசல். ஆப்பசைத்த குரங்கு என்று சின்ன வயதில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அழுத்திச் சேர்க்காதீர்கள், நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை வைத்து நிரப்புங்கள்.

பெயிண்ட் கூத்தையும் சொல்லிவிடுகிறேன், இது கிட்டின் குற்றமல்ல, முழுக்க என்னுடையது. அடியில் எனாமல் மஞ்சள், நன்றாக வந்தது. அதன் மேல் ஆரஞ்சுப் பட்டை அடிக்க கையில் இருந்த லாக்கர் ஸ்ப்ரேயை எடுத்தேன், டப்பாவைப் படிக்கவில்லை. கண் எதிரிலேயே மஞ்சள் சுருங்கி முதலைத் தோலாயிற்று. லாக்கரின் கரைப்பான் காரமானது, அடியில் இருக்கிற எனாமலைக் கிளப்பிவிடும், லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் கூடாது. இதை நான் பத்துப் பேருக்கு அறிவுரையாகச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் கொடுமை. உடலை ஒரு டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். பெயிண்ட்டோடு பட்டியும் வந்துவிட்டது. ஐந்து சுற்று என்று மேலே சொன்னேனே, இதையும் சேர்த்தால் எட்டு.

ஒரு விஷயத்தில் இந்தக் கிட்டை மனம் நிறையப் பாராட்ட வேண்டும், டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற அச்சுப் படம். புதிதாக அச்சடித்திருக்கிறார்கள், நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றன, படலம் மெலிது, ஓரத்தில் வெள்ளை தெரியவில்லை. மூக்கிலிருந்து கிளம்பி மேல் தளத்தில் அகன்று பின் உதடு வரை போகும் பட்டைகள் ஒரே துண்டு, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். ஒரு சாண் நீள ஈரத் தாளை ஒரே தடவையில் நேராக வைக்க யாராலும் முடியாது, அதனால் உடலில் உள்ள தகட்டுக் கோடுகள் இருக்கும் இடத்தில் டெக்காலை முன்கூட்டியே வெட்டி மூன்று துண்டாக்கிக் கொள்ளுங்கள். வெட்டு தகட்டுக் கோட்டில் விழுவதால் தெரியவே தெரியாது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைத் தளத்தில் தடவிவிட்டு வைத்தால் நகர்த்தி நேராக்க நேரம் கிடைக்கும். பக்கவாட்டுப் பட்டை, மேல் தளத்துப் பட்டையோடு விளிம்பில் சேருகிற இடத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது, நிறம் கலந்து பிரஷ்ஷால் தொட்டுவிட்டேன். தட்டையான தளம் இதுவரை என் உயிரை எடுத்ததற்கு டெக்கால் வைக்கும்போதுதான் ஈடு செய்தது. சுருக்கம் இல்லை, குமிழ் இல்லை, பெயிண்டோடு படிந்து ஒட்டிக்கொண்டது.

டயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின் டயர் வழவழப்பானது, டிராக் டயருக்குப் பிடிமான வெட்டுகள் கிடையாது, நடுவில் ஒரு அச்சுக் கோடு, உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் கோடும் போகும், ஓடித் தேய்ந்த மங்கலும் வரும். முன்சக்கரம் சைக்கிள் சக்கர வகை, ஆரங்கள் தடியாக இருக்கின்றன. உலோகத்தில் அரித்தெடுத்த ஆரங்கள் தனியாகக் கிடைக்கும், ஆசை இருப்பவர்கள் மாற்றலாம். நான் மாற்றவில்லை, நீர்க்கக் கரைத்த கறுப்புப் பெயிண்ட்டைத் தடவி ஓரத்தை மட்டும் வெள்ளியாக்கினேன், ஒரு அடி தூரத்தில் மெலிந்துதான் தெரிகிறது.

கடைசிக் கட்டம், எல்லாவற்றையும் சேர்த்து மேசையில் நிறுத்துவது. சட்டகத்தில் ஒரு முறுக்கு விட்டேன் என்றேனே, அது இங்கே வந்து நின்றது. மூன்று சக்கரம் தரையில், இடது முன்சக்கரம் ஒன்றரை மில்லிமீட்டர் அந்தரத்தில். நீளமான வண்டி என்பதால் பின்னால் கால் டிகிரி பிசகினாலும் முன்னால் அது பெரிதாகத் தெரியும். முன் அச்சை நறுக்கி, நாலு சக்கரத்தையும் கண்ணாடி மேல் நிறுத்தி, அப்படியே மறுபடி ஒட்டினேன். அடுத்த முறை சட்டகம் ஒட்டும்போதே கண்ணாடி மேல் வைத்து, பசை காயும்வரை ரெண்டு பக்கமும் கட்டை வைத்துப் பிடிப்பேன். ஓட்டுநர் இருக்கையை எஞ்சினுக்கு முன்னால் பொருத்தும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். காலுக்கு முன்னால் எரிபொருள் தொட்டி, முதுகுக்குப் பின்னால் அந்த எஞ்சின், நடுவில் ஒரு மெல்லிய தகடு. பாதுகாப்பான மாற்றம் என்றுதான் வரலாறு சொல்கிறது, முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் சரிதான்.

உடலைச் சட்டகத்தோடு ஒட்டச் சொல்கிறது செய்முறைத் தாள். ஒட்டாதீர்கள். முளைகளைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் வெறுமனே மேலே உட்கார்ந்துகொள்ளும், வேண்டும்போது தூக்கிக் காட்டலாம். அத்தனை வயரும் துளையும் உள்ளே போய்ப் புதைவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உண்மையான வண்டியிலும் கழற்றுகிற உடல்தானே.

யார் வாங்கலாம்? இதுதான் முதல் கிட் என்றால் வேண்டாம், பெட்டியில் பாகம் குறைவாக இருப்பதைப் பார்த்து என்னைப் போல ஏமாறாதீர்கள். ரெண்டு மூன்று சாதாரணக் கார் கட்டி, ஸ்ப்ரே பிடிக்கிற கை கொஞ்சம் பழகியிருந்தால் தாராளமாக வாங்கலாம், உடலுக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்கிவிடுங்கள். முன் எஞ்சின் டிராக்ஸ்டர் கட்டியவர்களுக்கு சட்டக வேலை பழகிய கஷ்டம்தான், உடல் வேலை புதுக் கஷ்டம். எஞ்சினுக்கும் டெக்காலுக்கும் முழு மதிப்பெண். சட்டகத்துக்குப் பாதிகூடத் தரமாட்டேன். செய்முறைத் தாளை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

1/25 கணக்கில் கால் மைல் என்பது 16 மீட்டர். முடித்த அன்றைக்கு வராந்தாவில் அளந்து பார்த்தேன், ரெண்டு மீட்டர் குறைந்தது.